புல்லறுப்பு இல்லாத ஜூன்

என் கணவன் ஸிக்மஸ் நார்வேயிலிருந்து பேசும்போது முதலில் கேட்பது புல்லைப் பற்றித்தான். எவ்வளவு உயரம் வந்திருக்கிறது, கீழ்க்கோடியில் தண்ணீர் வடிந்துவிட்டதா, பக்கத்து நிலத்து வில்யுஸ் பம்பைப் போட்டானா. எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில்தான் நான் இருப்பேன். எப்படி இருக்கிறாய் என்பான். நன்றாக இருக்கிறேன் என்பேன். அதற்குள் அவன் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் யாராவது அவனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அவன் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் போன மறு வருடமே மாடுகளை விற்றுவிட்டோம். வீடு என் அப்பா கட்டியது. நிலமும் என் பெயரில்தான். அவனை ஆற்றுக்கு நடுவே இருக்கும் இந்தத் தீவுக்கு வரவழைக்க மிச்சமிருந்தது ஜூன் கடைசியில் நடக்கும் புல்லறுப்பு ஒன்றுதான். யோவான் திருநாளுக்கு முந்தின நாள் பஸ்ஸிலிருந்து இறங்குவான். இரண்டு வாரம் இருப்பான். புல்லை அறுத்து, காயவைத்து, உருளைகளாகச் சுருட்டி வில்யுஸின் கொட்டகைக்கு ஏற்றி அனுப்பியதும் கிளம்பிவிடுவான். கிறிஸ்துமஸுக்கு வரமாட்டான். அப்போதுதான் அங்கே மீன் வேலை அதிகம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. அந்த வசந்தத்தில் ஊரே என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டபோதுதான் சொல்லிக்கொள்ள வேண்டிவந்தது.

எங்கள் தாழ்நிலம் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு மாதிரி. சுற்றிலும் கரை, ஒரு மூலையில் பம்பு ஷெட். மார்ச்சில் ஆறு பனிக்கட்டியோடு பொங்கித் தட்டை நிரப்பும். ஏப்ரலில் வில்யுஸ் பம்பைப் போட்டு நீரை மறுபடி ஆற்றுக்கே அனுப்புவான். தட்டில் நிற்கும் தண்ணீர் எல்லோருக்கும் ஒன்றுதான். என் நிலத்தை மட்டும் காயவைக்கவோ, பக்கத்து நிலத்தை மட்டும் ஈரமாக விடவோ முடியாது. அதனால்தான் நீர்ப்பறவைகளுக்காகத் தாழ்நிலத்தை ஈரமாக வைத்திருப்பது என்ற பேச்சு வந்தபோது, நிலம் உள்ள ஒன்பது பேரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்று ஆயிற்று.

அந்தப் பேச்சைக் கொண்டுவந்தவள் நேரிங்கா. பறவைகளைக் கணக்கெடுக்க வரும் பெண். முப்பது வயது இருக்கலாம். பக்கத்து வீட்டு எர்னாக்காவின் மாடி அறையில் தங்கி, முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸோடு சைக்கிளில் சுற்றுவாள். நூலகக் கூடத்தில் எங்களை உட்காரவைத்து அவள் சொன்னது இதுதான்: ஜூன் பாதி வரை பம்பைப் போடக் கூடாது. ஜூலை பாதிக்கு முன் புல்லை அறுக்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு இப்படி. நஷ்டத்துக்கு ஈடு உண்டு. முன்பெல்லாம் இந்தத் தாழ்நிலத்தில் கருவால் மூக்கன் என்ற நீள மூக்குப் பறவைகள் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டன. இப்போது மிஞ்சியிருப்பவை சில ஜோடிகள்தான். அவையும் கீழ்க்கோடியில் மட்டும்தான். கீழ்க்கோடி என்றால் என் நிலம்.

வில்யுஸ் பின்வரிசையிலிருந்து, அப்படியானால் தன் மாடுகளுக்குத் தவளையைப் போட்டு வளர்க்கலாமா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் முதலில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். கீழ்க்கோடிப் புல் எப்படியும் புளித்த புல், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவனைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நான் ஸிக்மஸிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எர்னாக்கா வீடு வரை கூடவே வந்தாள்.

"நிலம் உன் பேர்ல இருக்கு. அவன்கிட்ட கேக்க என்ன இருக்கு?"

"கேக்காம எப்படிக்கா?"

"அடியே, ஒன்பது பேர்ல எட்டுப் பேர் போட்டாச்சு. ஊரே உன் பேனாவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நல்லா மகாராணியாட்டம் இரு."

ஈட்டுப் பணம் இன்னும் அதிகமாகக் கேட்பதற்காகத்தான் நான் இழுத்தடிக்கிறேன் என்று ஊரில் பேச்சு. பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைவிட அது எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

ஜூலை பாதிக்குப் பிறகு புல் அறுத்தால் ஸிக்மஸுக்கு வர முடியாது. அவனுக்கு விடுமுறை ஜூன் கடைசியில் மட்டும்தான். அதற்கும் மேலே, ஒரு விஷயம் உண்டு. புல் இல்லையென்றால் அவன் வருவானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று மற்றவர்கள் என்னென்னவோ நினைத்திருக்கலாம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவன் வீட்டுக்குள் வருவதில்லை. நேரே கரை மேல் ஏறி, புல்லுக்குள் இறங்கி, ஒரு பிடி பிடுங்கி முகர்ந்து பார்ப்பான். அவன் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். மறுநாள் காலையில் வில்யுஸின் டிராக்டரை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவான். எங்கள் ஊரில் புல் அறுப்பதென்றால் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போவதுதான். அப்போதுதான் வண்டியைத் திருப்பத் தோது. பீட்ரூட் ரசத்தையும் கருப்பு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். முதல் சுற்றில் அவன் என்னை உரசுகிற மாதிரி போவான். முகத்தில் ஒட்டியிருக்கும் தூசி தெரியும். அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. மத்தியானத்துக்குள் நிலத்தின் நடுவில் ஒரு சின்னப் புள்ளியாக ஆகிவிடுவான். அவனுக்குப் பின்னால் செங்கால் நாரைகள் வரிசையாக நடந்து போகும். அறுப்புக்கு நாரை வந்தால் அந்த வருடம் விளங்கும் என்பது எங்களுக்கு ஒரு நம்பிக்கை. சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் அவன் முதலில் சொல்வது, இன்றைக்கு எத்தனை நாரை என்பதுதான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். அது என்னால் வந்த சந்தோஷம் இல்லை. இருந்தாலும் என் சமையலறையில், என் விளக்கின் கீழ் இருந்தது. அதுவே எனக்குப் போதும் என்று பழகியிருந்தேன்.

மே முதல் வாரத்தில் நேரிங்கா வந்து, என் நிலத்தில் கூடு இருக்கிறதா என்று பார்க்க அனுமதி கேட்டாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் வருகிறேன் என்று ஸிக்மஸின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கணுக்கால் வரை தண்ணீர். மஞ்சள் பூக்கள் கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நாங்கள் கீழ்க்கோடியை நெருங்கியதும் ஒரு பறவை எழும்பி எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்த ஆரம்பித்தது. செங்கல் நிறக் கழுத்து, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமான மூக்கு. பிறந்ததிலிருந்து இதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்றைக்குத் தோன்றியது. நேரிங்கா தண்ணீருக்கு மேல் எழுந்திருந்த ஒரு புல்மேட்டருகே நின்று கண்ணால் காட்டினாள். புல் நுனிகள் ஒன்றோடொன்று சாய்ந்து சின்னக் கூரை மாதிரி இருந்தன. அடியில் நான்கு முட்டைகள், சேற்று நிறத்தில், கூர்முனைகள் நடுவில் சேரும்படி.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள், ஜோடியாகத் தெரிகிற இவை குளிர்காலத்தில் ஒன்றாக இருப்பதில்லையாம். ஒன்று ஸ்பெயினில் இருக்கலாம், மற்றது ஆப்பிரிக்காவில் ஏதாவது நெல்வயலில். ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்கு எந்தத் தகவலும் இருக்காது. ஆனால் வசந்தத்தில் இரண்டும் அதே இடத்துக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேரும்.

"ஒண்ணு வரத் தாமதமாச்சுன்னா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் பாக்கும்க்கா."

"அப்புறம்?"

"அப்புறம் வேறொண்ணோட சேந்துக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்குப் பீட்ரூட் ரசமும் உருளைக்கிழங்கும் வைத்தேன். பசியோடு இருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே நான் அறுப்பைப் பற்றிச் சொன்னேன், நாரைகள் டிராக்டருக்குப் பின்னால் வருவதைப் பற்றி, அது எங்களுக்கு எவ்வளவு நல்ல சகுனம் என்பதைப் பற்றி.  அவள் ரசத்தின் மேல் மிதந்த கீரைத் துணுக்குகளைத் தட்டின் ஓரத்திலிருந்து ஸ்பூனால் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்று. எல்லாத் துணுக்குகளும் நடுவில் ஒரு கட்டியாகச் சேர்ந்தன.

"குஞ்சுங்களுக்குப் பறக்கத் தெரியாதுக்கா. சத்தம் கேட்டா நிக்கிற புல்லுக்குள்ளதான் ஓடும். நீங்க சுத்திச் சுத்தி உள்ள வர வர, அதுங்களும் உள்ள போகும். கடைசி ஒரு பட்டையில எல்லாம் இருக்கும்." ஸ்பூனால் அந்தக் கட்டியை அள்ளி எடுத்தாள். "நாரை அதுக்குத்தான் வருது."

ஒரு நாரை எதையோ தூக்கி விழுங்கியது எனக்கு நினைவிருந்தது. அலகுக்கு வெளியே இரண்டு மெல்லிய கால்கள் தொங்கின. தவளை என்று நினைத்தேன். ஸிக்மஸ் வண்டியிலிருந்தபடியே அதை எனக்குக் கை நீட்டிக் காட்டியிருந்தான். நான் பதிலுக்குக் கையசைத்தேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த சந்தோஷமான ஞாபகங்களில் அது ஒன்று. அதிகம் இல்லாததால் எனக்கு அவை ஒவ்வொன்றும் தெரியும்.

நாங்கள் அதை ஆசீர்வாதம் என்று நினைத்தோம் என்றேன். எல்லா ஊரிலும் அப்படித்தான் நினைத்தார்கள், நடுவிலிருந்து தொடங்கி வெளியே அறுத்து வந்தால் குஞ்சுகள் ஓரத்துக்குத் தப்பிவிடும் என்றாள். அவள் குரலில் குற்றம்சாட்டல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். கோபமும் இல்லாமல் நான் பாத்திரம் கழுவினேன்.

அதற்காக அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. மனம் அப்படி நேராகப் போவதில்லை. அன்று முழுக்க நான் யோசித்தது குஞ்சுகளைப் பற்றி அல்ல. நடுவிலிருந்து அறுக்கச் சொன்னால் ஸிக்மஸ் ஒத்துக்கொள்வானா, அதைச் சொல்லி ஜூனிலேயே அறுக்க நேரிங்காவைச் சம்மதிக்கவைக்கலாமா என்றுதான் யோசித்தேன். பறவையையும் வைத்துக்கொண்டு, அவனையும் வைத்துக்கொள்ள ஒரு வழி. வழி இல்லை. அறுக்க வேண்டுமென்றால் நிலம் காய வேண்டும். காய வேண்டுமென்றால் இப்போதே பம்பைப் போட வேண்டும். சேறு இறுகிவிட்டால் அந்த நீள மூக்கு இரை தேட எதற்குள் இறங்கும்?

ஞாயிற்றுக்கிழமை ஸிக்மஸ் பேசினான். புல் எப்படி என்று கேட்டான்.

"நல்லா வந்திருக்கு. முட்டி உயரம்" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே தாழ்நிலம் முழுக்கத் தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. என் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு வில்யுஸ் பம்பைத் தொடவே இல்லை. நல்லது, டிக்கெட் போடட்டுமா என்று ஸிக்மஸ் கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பொய் சொல்வது எனக்குப் புதிது இல்லை. ஆனால் இந்தப் பொய் என்னை உட்காரவிடவில்லை. தூண்டிலில் புழுவைக் கோப்பதுபோலப் புல்லைக் கோத்து அவன் முன்னால் தொங்கவிட்டிருந்தேன். இத்தனை வருடமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேனோ? அவன் என்னிடம் வந்தான் என்று நான் சொல்லிக்கொண்ட ஒவ்வொரு ஜூனும் அவன் வேறெதற்கோ வந்தது. அது தெரிந்தும் வாசலைப் பெருக்கி, புது விரிப்புப் போட்டு, விலாங்கு மீனுக்குச் சொல்லிவைத்து... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதுவும் கோக்காத வெறும் கயிற்றை விட்டுப் பார்த்தால் என்ன?

மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சமையல் முடிந்ததும் எர்னாக்கா வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறை மேசையிலேயே கையெழுத்துப் போட்டேன். நேரிங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எர்னாக்கா கேலி எதுவும் செய்யவில்லை. காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையசைத்தேன். அவள் எழுந்துபோய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.

ஞாயிறு வரை காத்திராமல் நானே கூப்பிட்டேன்.

"ஸிக்மஸ், புல்லு இல்ல. தண்ணிதான் நிக்குது. போன வாரம் பொய் சொன்னேன்."

"பம்பு கெட்டுப்போச்சா?"

"இல்ல. பறவைக்காக நிறுத்தி வெச்சிருக்கு. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன். ஜூலைல வில்யுஸே அறுத்துக்குவான்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. ஏதோ தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"அப்போ நான் வந்து என்ன பண்றது?" என்றான்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ஒண்ணும் பண்ணாம எப்படி இருக்கிறது, மில்டா?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்க்கலாம் என்றான். டிக்கெட் விலை ஏறியிருக்கிறது என்றான். நானும் பார்க்கலாம் என்றேன்.

மே கடைசியில் குஞ்சுகள் வெளிவந்தன. பொரித்த மறுநாளே கூட்டை விட்டுவிட்டன. குச்சிக்கால்களோடு புல்லுக்குள் நுழைந்து பூச்சியைத் தாங்களே பிடித்துத் தின்றன. பெற்றவை மேலே நின்று கத்துவதோடு சரி. பள்ளி விட்டதும் நான் தினமும் கரைக்குப் போனேன். பறவைகளைப் பார்க்கத்தான் போகிறேன் என்று ஊரில் நினைத்தார்கள். பாதி அது உண்மை. வில்யுஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம், உன் கோழிகள் எப்படி என்று கேட்பான். உன் தவளைகள் எப்படி என்று நான் கேட்பேன்.

யோவான் திருநாளுக்கு முந்தின நாள் வழக்கமான பஸ் மேம்பாலத்தைத் தாண்டி வரும் நேரத்தில் நான் வேண்டுமென்றே தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது கேட்டது. கிளம்பியது கேட்டது. கரைப் பக்கம் யாரும் நடக்கவில்லை. கையில் இருந்தது களை இல்லை, வெங்காயத் தாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். சாயங்காலம் ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டினார்கள். எர்னாக்கா ஒரு பூவளையத்தைப் பின்னி என் தலையில் வைத்து, நன்றாக இருக்கிறது, எடுக்காதே என்று மிரட்டினாள்.

ஸிக்மஸ் விடுமுறை எடுத்திருந்தான். ஆனால் வரவில்லை. அங்கேயே அறையில் இருந்தான். வீட்டுச் சொந்தக்காரரின் வேலிக்கு வண்ணம் அடிப்பதாகச் சொன்னான். செய்ய வேறு வேலை இல்லாததால் தினமும் சாயங்காலம் என்னைக் கூப்பிட ஆரம்பித்தான். முதல் நாள் பேச ஒன்றுமே இல்லை. புல்லைப் பற்றிக் கேட்க முடியாது அல்லவா? வேலியின் நிறத்தைச் சொன்னான். இரண்டாம் நாள், நீ என்ன செய்கிறாய் என்று கேட்டான். கரையில் நிற்கிறேன் என்றேன். என்ன தெரிகிறது என்றான். தெரிந்ததைச் சொன்னேன். குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்துவிட்டது, ஒன்று ஓடி ஓடி எழும்பப் பார்த்து விழுகிறது, பவளக்காலிப் பறவை ஒன்று வேலிக்கம்பத்தில் நின்று ஊரைக் கூட்டுகிறது. நாரைகளைப் பற்றியும் சொன்னேன், கடைசிப் பட்டையைப் பற்றியும்.  அந்த நாரையை நான் உனக்குக் கை நீட்டிக் காட்டினேனே என்றான். அவனுக்கும் அது நினைவிருந்தது. அறுப்பு நடந்த எந்த ஜூனிலும் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

விடுமுறையின் கடைசி சாயங்காலம் கரையில் நடந்துகொண்டே கேட்டுவிட்டேன். இத்தனை வருடம் வாய்வரை வந்து திரும்பிப் போன கேள்வி.

"உனக்கு இங்க வரணும்னு ஆசையே இல்லையா?"

அவன் இருமினான். ஜன்னலையோ கதவையோ மூடினான்.

"புல்லு இருந்தா, அது முடிஞ்சதும் கிளம்பிடலாம்" என்றான். "புல்லு இல்லாம வந்தா எப்பக் கிளம்புறதுன்னு எனக்குத் தெரியாது, மில்டா. அப்புறம் கிளம்பவே முடியாது. இங்க எல்லாத்தையும் போட்டுட்டு... அதான் பயம்."

நான் நின்றுவிட்டேன். அவனை இங்கே இழுக்கும் ஒரே கயிறு என்று நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததை அவன் மறுமுனையில் பிடித்துக்கொண்டிருந்தது, திரும்பிப் போவதற்காக. இரண்டு பேரும் ஒரே கயிற்றைப் பிடித்திருந்திருக்கிறோம். அவன் வராமல் இருந்ததற்கு நான் எத்தனையோ காரணங்கள் வைத்திருந்தேன். எல்லாக் காரணத்திலும் நான் இல்லாமல்தான் இருந்தேன். இந்த ஒரு காரணத்தில் இருந்தேன்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவன் இல்லாதது முன்னைவிட அதிகமாக வலித்தது. அவன் புல்லுக்காக வருகிறான் என்று நம்பிய நாட்களில் என் ஏக்கத்துக்கு ஒரு அளவு இருந்தது.

"தெரியாமலே வா" என்றேன்.

 அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது காதருகில் கேட்டுக்கொண்டிருந்தது. அதோடு கரையின் கடைசி வரை நடந்தேன்.